நடவாத துரோகம்

(எல்லாம் அறிந்தவர் – 6)

மனிதன் நாளைக்குச் செய்யப்போவதைக் கடவுள் இன்றைக்கே அறிந்திருந்தால் மனிதனுக்குச் சுயாதீனம் ஏது என்ற கேள்விக்கு, ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாவியா நகரத்துச் சிறையில் மரணத்தை எதிர்நோக்கியிருந்த போயத்தியுஸ் என்னும் உரோமானியப் பிரபு தேடிக்கொண்ட சமாதானத்தைச் சென்ற வாரம் விஸ்தாரமாகப் பார்த்தோம். கடவுள் காலப் பிரவாகத்தினுள் நம்மோடு கூட நின்றுகொண்டு வரப்போவதை எட்டிப் பார்ப்பவரல்லர். சென்றதும் வருவதும் அவர் சந்நிதியில் ஒரே நிகழ்காலமாக விளங்குகின்றன. ஒருவன் நடப்பதை நான் பார்ப்பதனால் அவன் நடக்கும்படி நிர்ப்பந்திக்கப்படுவதில்லை என்பது மெய்யானால், தெய்வத்தின் பார்வையும் எவரையும் நிர்ப்பந்திப்பதில்லை என்பதே அவர் கண்ட முடிவு. ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த அர்ச். தோமாஸ் அக்குவினார் இதையே எடுத்துக்கொண்டு, சாலையில் நடப்பவனுக்குத் தன் பின்னால் வருகிறவர்கள் தெரியமாட்டார்கள் என்றும், உயரத்தில் நிற்பவனோ அவ்வழியே போகும் அனைவரையும் ஒருசேரக் காண்கிறான் என்றும் ஓர் உவமையால் விளக்கினார்.

உவமை அழகானது, ஆனால் உயரத்தில் நிற்பவன் காண்பது சாலையில் இறங்கி நடப்பவர்களை மட்டுந்தானே? புறப்படலாமென்று எண்ணி, பிறகு வீட்டிலேயே தங்கிவிட்ட ஒருவன், புறப்பட்டிருந்தால் எந்தக் கிளைவழியில் திரும்பியிருப்பான் என்பதை எவ்வளவு உயரத்தில் ஏறி நின்றாலும் காண முடியுமா? நடந்தது, நடப்பது, நடக்கப்போவது ஆகிய மூன்றையும் கடவுள் அறிவார் என்பதில் கிறிஸ்தவர்களுக்குள் பெரிய தர்க்கம் எழுந்ததில்லை. அந்த அறிவு மனிதனை எவ்வாறு பாதிக்கிறது என்பதே தர்க்கம். நடந்திருக்கக்கூடியதும், ஆனால் ஒருபோதும் நடவாததுமாகிய நான்காவது ஒன்றைக் கடவுள் அறிவாரா, அறிவாரானால் எதைக்கொண்டு அறிவார் என்னும் கேள்வியோ, பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டு பெரிய சந்நியாச சபைகளை ஒன்றையொன்று பதிதர் என்று தூஷிக்கும் நிலைக்குக் கொண்டுபோய், இரண்டு பாப்பரசர்களின் உறக்கத்தைக் கெடுத்தது.

இக்கேள்விக்கு வித்தான சரித்திரம் பழைய ஏற்பாட்டிலே, சாமுவேல் முதலாம் புத்தகத்தின் 23ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. யூதா நாட்டில் கேகிலா என்றோர் ஊர். போரடிக்கும் களங்களில் தானியம் குவிந்திருக்கும் சமயம் பார்த்துப் பெலிஸ்தர் அதைக் கொள்ளையிட வந்தனர். சவுல் ராஜாவின் பொறாமைக்கு இலக்காகிக் காட்டிலும் குகையிலும் ஒளிந்து திரிந்த தாவீதுக்குச் செய்தி எட்டியது. யூதாவுக்குள் இருக்கும்போதே நமக்கு உயிர்ப்பயமாயிருக்கிறதே, பெலிஸ்தரின் படைக்கு எதிரே வேறு போவோமோ என்று அவனுடைய ஆட்கள் தயங்கினார்கள். தாவீதோ இருமுறை கடவுளிடம் விசாரித்து உத்தரவு பெற்றுக்கொண்டு, போய்ப் பொருது, ஊரை இரட்சித்தான். கதவும் தாழ்ப்பாளும் உள்ள பட்டணத்துக்குள் எதிரி தானே வந்து அடைபட்டான் என்று சவுலுக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. கேகிலாவை முற்றுகையிட ஜனங்களைத் திரட்டினான். இதை அறிந்த தாவீது, நோபு ஊரில் சவுல் நடத்திய ஆசாரியப் படுகொலைக்குத் தப்பி, தெய்வ சித்தத்தை விசாரிக்க உதவும் ஆசாரிய உடையாகிய ஏபோத்துடன் தன்னிடம் ஓடிவந்திருந்த அபியத்தாரை அழைத்து, அந்த ஏபோத்தைக் கொண்டு இரண்டு கேள்விகள் கேட்டான். சவுல் இங்கே வருவானா? வருவான் என்று விடை வந்தது. இவ்வூரார் என்னையும் என் ஆட்களையும் அவன் கையில் ஒப்புக்கொடுப்பார்களா? ஒப்புக்கொடுப்பார்கள் என்று விடை வந்தது. தாவீது அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஏறக்குறைய 600 பேரோடு எழுந்து ஊரைவிட்டு வெளியேறினான். அவன் தப்பிவிட்டான் என்று கேள்விப்பட்ட சவுல் புறப்படுவதை நிறுத்திவிட்டான்.

வாசகர் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். இரண்டும் தெய்வ வாக்கு, இரண்டும் நடக்கவில்லை. சவுல் கேகிலாவுக்கு வரவுமில்லை, கேகிலா ஊரார் தங்களை இரட்சித்தவனைக் காட்டிக்கொடுக்கவுமில்லை. ஆயினும் அவ்வாக்குகள் பொய்த்தன என்று யூதரிலோ கிறிஸ்தவரிலோ பக்தியுள்ள எவரும் சொன்னதில்லை; ஏனெனில், நீ இங்கேயே தங்கினால் என்ற நிபந்தனை சொல்லாமலே அவற்றினுள் அடங்கியிருந்தது என்பதும், அந்த நிபந்தனையை உணர்ந்தே தாவீது ஓடினான் என்பதும் வெளிப்படை. ஒரு துரோகம் மனிதர் நெஞ்சில் முளைத்திருக்குமோ முளைத்திராதோ என்ற நிலையிலேயே அறியப்பட்டு, அறிவிக்கப்பட்டு, அவ்வறிவிப்பினாலேயே நிகழாமற்போயிற்று. செய்யாத அந்தத் துரோகத்துக்காகக் கேகிலா ஊராரை ஏசி ஒரு சொல்லும் அவ்வதிகாரத்தில் இல்லை என்பதை, இதைப் படிக்குந்தோறும் நான் வியப்பதுண்டு. அறிவு ஓரிடம்வரை போகிறது; நியாயத்தீர்ப்பு அதுவரை போவதில்லை.

புதிய ஏற்பாட்டிலும் இதற்கு இணையான ஓரிடம் உண்டு. மத்தேயு சுவிசேஷத்தின் 11ஆம் அதிகாரத்தில், தாம் அற்புதங்கள் பல செய்தும் மனந்திரும்பாத கோராசீன், பெத்சாயிதா என்னும் ஊர்களைக் கடிந்துகொள்ளும் கிறிஸ்துநாதர், அவ்வற்புதங்கள் அந்நியருடைய பட்டணங்களாகிய தீருவிலும் சீதோனிலும் செய்யப்பட்டிருந்தால், அவ்வூரார் எப்போதோ இரட்டுடுத்திச் சாம்பலில் உட்கார்ந்து மனந்திரும்பியிருப்பார்கள் என்கிறார். கேகிலாவில் நடவாத பாவம்; இங்கே நடவாத மனஸ்தாபம். தம் முதிர்வயதில் அர்ச். அகுஸ்தீனார் இந்த வசனத்தைக் கையிலெடுத்து, மனிதன் செய்யாமலே இருந்துவிட்டதற்காக, செய்திருப்பான் என்ற காரணத்தைக் கொண்டு கடவுள் தண்டனையோ சம்பாவனையோ தருவதில்லை என்று வாதித்தார். அந்த வாதத்தில் எனக்குப் பூரண சம்மதம். ஆனால் கடவுள் அறிகிறார் என்பது நின்றுவிட்டது. எவ்வாறு அறிகிறார் என்பது பதினொரு நூற்றாண்டுகள் விடையின்றிக் கிடந்தது.

1588ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரம் இரண்டு காரியங்களைக் கண்டது. அவ்வாண்டு மே மாதத்தில் ஸ்பானிய ராஜா இரண்டாம் பிலிப்பின் மாபெரும் கடற்படை இங்கிலாந்தின்மேல் படையெடுக்க அங்கிருந்து பாயெடுத்துப் புயலிலும் போரிலும் சிதைந்துபோயிற்று என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அதே ஆண்டில் அதே நகரத்தின் அச்சகம் ஒன்றிலிருந்து, லூயிஸ் தெ மொலினா என்னும் இயேசு சபைக் குருவானவர், மனிதனுடைய சுயாதீனத்தைக் கடவுளின் அருளாகிய இஷ்டப்பிரசாதத்தோடும் முன்னறிவோடும் இசைவிக்கும் நோக்கத்துடன் இலத்தீனில் எழுதிய ‘கொன்கோர்தியா’ என்ற பெரு நூல் வெளிவந்தது. காற்று வேறுவிதமாக வீசியிருந்தால் இங்கிலாந்தின் சரித்திரம் என்னவாகியிருக்கும் என்று ஊகித்து எழுதுவது சரித்திரக்காரர்களுக்கு இன்றளவும் ஒரு விநோதம். அப்படிப்பட்ட ‘ஆகியிருக்கும்’ அனைத்தும் கடவுளுக்கு ஊகமல்ல, திட்டமான அறிவு என்பதே மொலினாவின் சித்தாந்தம்.

மொலினா 1535இல் ஸ்பானியாவின் குவெங்கா நகரில் பிறந்தவர். போர்த்துகலின் எவோரா சர்வகலாசாலையில் நெடுங்காலம் போதித்தவர். அவர் காலத்தில் இக்கேள்வி வெறும் பாடசாலைப் பொழுதுபோக்காக இருக்கவில்லை. 1525இல் மார்ட்டின் லூத்தர், எராஸ்முஸ் என்னும் டச்சுப் பண்டிதருக்கு மறுப்பாக எழுதிய நூலில், கடவுள் யாவற்றையும் மாறாச் சித்தத்தால் முன்னறிகிறார் என்ற ஒன்றே மனிதச் சுயாதீனத்தை வேரறுக்கப் போதும் என்று இடிபோல் முழங்கியிருந்தார். அதை மறுத்துத் திரெந்து நகரில் கூடிய பொதுச்சங்கம் 1547இல், பாவத்தினால் சுயாதீனம் தளர்ந்ததேயன்றி அழியவில்லை, கடவுள் தரும் பிரசாதத்துக்கு இணங்கவும் இணங்காதிருக்கவும் மனிதனால் கூடும் என்று பிரகடனம் செய்தது. கூடும் என்று சொன்ன சங்கம், எப்படிக் கூடும் என்று சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தைத் தம் நூலால் நிரப்ப முற்பட்டார் மொலினா.

அவருடைய கொள்கையைச் சுருக்கிச் சொல்வோம். கடவுளின் அறிவு உண்மையில் ஒன்றே. அதில் முன்பின் என்ற காலபேதம் இல்லை. எனினும் நம்முடைய அற்ப புத்தி அதைக் கிரமப்படுத்திக்கொள்ளும் பொருட்டு மூன்று படிகளாகப் பாவிக்கலாம். முதற்படியில், எவையெவை ஆகக்கூடியவை, எவையெவை ஒருக்காலும் ஆகமாட்டாதவை என்பதையெல்லாம் அவர் அறிகிறார். கணிதத்தின் உண்மைகளைப்போல் அவர் சித்தங்கொண்டாலும் மாறாத சத்தியங்கள் இப்படியைச் சேர்ந்தவை. கடைசிப்படியில், தாம் சிருஷ்டிக்கத் தீர்மானித்த இவ்வுலகத்தில் ஆதிமுதல் அந்தம்வரை மெய்யாகவே நடப்பவற்றை அறிகிறார். இது அவருடைய தீர்மானத்தைத் தொடர்ந்து வருவது. இவ்விரண்டுக்கும் நடுவே, இன்ன மனிதனைப் படைத்து, இன்ன சந்தர்ப்பத்தில், இன்ன உதவியோடு நிறுத்தினால், அவன் தன் சுயேச்சையைக் கொண்டு இன்னதையே தெரிந்துகொள்வான் என்பதை, எவனையும் படைக்கத் தீர்மானிப்பதற்கு முன்னமேயே அறிகிற ஓர் அறிவு உண்டு. இதற்கே மத்திம ஞானம் என்று பெயர். முதற்படியைப்போல் இது தெய்வ சித்தத்தைச் சார்ந்திராதது. கடைசிப்படியைப்போல் இது வேறுவிதமாகவும் இருந்திருக்கக்கூடியவற்றைப் பற்றியது. இந்த ஞானத்தின் ஒளியிலேதான் கடவுள் தம் உலகத்தைத் தெரிந்தெடுத்து, ஒருவனுடைய சுயாதீனத்தையும் முறிக்காமல், தம் நோக்கத்தில் ஒன்றையும் இழக்காமல், பராமரிப்பை நடத்துகிறார் என்றார் மொலினா. கேகிலாவின் சரித்திரமும் தீரு சீதோன் வசனமும் இவருடைய கட்சிக்குச் சாட்சிகளாயின.

நூல் கடைக்கு வருமுன்பே எதிர்ப்பு வந்தது. சாலமாங்கா சர்வகலாசாலையில் வேதசாஸ்திரப் பீடத்தை அலங்கரித்தவரும், அவிலா அர்ச். தெரேசம்மாளுக்கு ஆன்மகுருவாயிருந்தவருமான தொமிங்கோ பாஞெஸ் என்பவர் அர்ச். சாமிநாதர் சபையின் பேரறிஞர். மொலினாவின் கொள்கை கடவுளை மாணாக்கனாக்கிவிடுகிறது என்பது அவர் தரப்பாரின் முதற் குற்றச்சாட்டு. மனிதன் என்ன தெரிந்துகொள்வான் என்பது கடவுளின் சித்தத்தைச் சாராமல் முன்னமே நிலைபெற்ற ஓர் உண்மையானால், சிருஷ்டிகர் தம் சிருஷ்டியிடமிருந்து அதைக் கற்றுக்கொள்கிறார் என்றல்லவா ஆகும்? ஆதிகாரணர் அசைக்காமல் யாதொரு காரணமும் காரியத்தில் இறங்காது. நெருப்பை நெருப்பின் சுபாவப்படி தவறாமல் எரியும்படியும், மனிதனை மனித சுபாவப்படி சுயாதீனமாகத் தெரிந்துகொள்ளும்படியும் அசைப்பவர் அவரே. ஆகையால் தம்முடைய தீர்மானங்களை அறிவதனாலேயே அவர் யாவற்றையும், நடவாதவற்றையுங்கூட, அறிகிறார் என்றார் பாஞெஸ். கேகிலாவின் சரித்திரத்துக்கும் இவர்கள் பக்கத்தில் ஒரு விடை உண்டு: ஊராரின் மனத்தில் அன்றைக்கே குடிகொண்டிருந்த எண்ணத்தைக் கடவுள் அறிவித்தார், அவ்வளவே என்று சொல்லிவிடலாம். விடை சாமர்த்தியமானதுதான், எனினும் தாவீது கேட்டது எண்ணத்தைப் பற்றியல்ல, செய்கையைப் பற்றி.

இரு கட்சியாரின் பலமும் பலவீனமும் வெளிப்பட வேண்டுமானால், பேதுரு எனப்படும் அர்ச். இராயப்பர் பெரிய வியாழக்கிழமை இரவில் தம் குருவை மறுதலித்த சம்பவத்தை உரைகல்லாக வைத்துப் பார்க்கலாம். சேவல் கூவுமுன் மும்முறை மறுதலிப்பாய் என்று முன்கூட்டியே அவருக்குச் சொல்லப்பட்டாயிற்று. மறுதலிக்கமாட்டேன் என்று அவரும் உளமார ஆணையிட்டார். பிரதான ஆசாரியனின் முற்றத்தில் ஒரு வேலைக்காரியின் கேள்விக்கு முன்னால் அவ்வாணை நிற்கவில்லை. அந்த முற்றத்தில், அந்தக் குளிரில், அந்தக் கேள்விக்கு முன்னால் இராயப்பர் எப்படி நடப்பார் என்பதைக் கடவுள் அநாதியாய் அறிந்து, அவர் வீழ்ச்சியையும் பின்வந்த கண்ணீரையும் திருச்சபையின் நன்மைக்கு உதவச்செய்தார் என்பார் மொலினா. அவரை நாம் திருப்பிக் கேட்கக்கூடியது ஒன்றுண்டு: இராயப்பர் படைக்கப்படுமுன்னமே இராயப்பரைப் பற்றிய இவ்வுண்மையை உண்மையாக்கியது எது? கடவுளின் சித்தம் அல்ல என்கிறீர். இராயப்பரின் சித்தமோ அப்போது இல்லை. இந்தக் கேள்விக்கு மொலினா தரும் விடை, கடவுளின் புத்தி அளவிறந்த மேன்மையுடையதாகையால் எந்தச் சிருஷ்டியின் சித்தத்தையும் அதன் ஆழம்வரை ஊடுருவி அறியவல்லது என்பது. அது ஸ்தோத்திரமாகச் சிறப்புடையதே தவிரக் காரணமாக நிறைவுடையதாய் எனக்குத் தோன்றவில்லை. பாஞெஸ் பக்கத்திலோ காரணத்துக்குக் குறைவில்லை. வேறு சங்கடம் இருக்கிறது. தவறாமல் பலன்தரும் உதவியைக் கடவுள் அவ்விரவில் இராயப்பருக்கு அளிக்கவில்லை, ஆகவே அவர் விழுந்தார் என்றால், விழுந்தவர்மேல் சுமத்தும் குற்றம் எவ்வாறு நியாயமாகும்? செய்கையின் அசைவு தேவனுடையது, அதிலுள்ள கோணல் மனிதனுடையது என்ற அவர்களுடைய பிரிவினை நுட்பமானது. அழுதுகொண்டு வெளியே போன மனிதனுக்கு அந்த நுட்பத்தை விளக்கிக்காட்ட எனக்குத் தைரியம் வராது.

தர்க்கம் ஸ்பானியாவெங்கும் பரவிற்று. 1594இல் வல்லதோலித் நகரில் இரு சபையாரும் பகிரங்கமாக வாதப்போர் தொடுத்தனர். சாமிநாதர் சபையார் எதிரிகளைப் பெலாஜியர் என்றனர். பிரசாதமின்றியே மனிதன் கரையேறலாம் என்று போதித்து ஐந்தாம் நூற்றாண்டில் கண்டனம் பெற்ற பெலாஜியுஸின் சீடர் என்பது அதன் பொருள். இயேசு சபையார் பதிலுக்கு அவர்களை, முன்குறித்தலைப் போதித்த கால்வினின் சீடர் என்னும் பொருளில், கால்வினியர் என்றனர். பிரசங்கபீடங்களிலும் இச்சண்டை ஏறத் தொடங்கவே, பாப்பரசர் எட்டாம் கிளமெந்து வழக்கை உரோமாபுரிக்கே வரவழைத்து, 1598இல் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார். குழுவினர் மொலினாவைக் கண்டிக்கவே சாய்ந்தனர். மொலினாவோ தீர்ப்பைக் காணாமல் 1600இல் மத்ரீத் நகரில் மரணமடைந்தார். 1602 முதல் பாப்பரசர் தாமே தலைமை வகித்து, அகுஸ்தீனாரின் நூல்களை முன்னே விரித்து வைத்துக்கொண்டு, இரு தரப்பு வாதங்களையும் கேட்டார். சட்டம் படித்துத் தேர்ந்தவர். எந்த வழக்குக்கும் தீர்ப்பு உண்டு என்ற எண்ணம் அவரிடத்தில் ஊறியிருந்ததுபோலும். இயேசு சபையைச் சேர்ந்த கர்தினால் பெல்லார்மீன், இது தீர்ப்புச் சொல்லத்தக்க காரியமன்று என்று தம் மனத்தில் பட்டதை ஒளிக்காமல் சொன்னார். அவ்வாண்டிலேயே அவர் காப்புவா நகரத்துக்கு அதிமேற்றிராணியாராக அனுப்பப்பட்டார். இவ்விரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசியவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

நம் தேசத்துக்கும் இந்த வழக்குக்கும் மெல்லிய தொடர்பொன்று இருப்பதை இவ்விடத்தில் குறிக்காமற்போக மனம் வரவில்லை. உரோமாபுரி இந்த வாதங்களால் கொதித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் அங்கே வேதசாஸ்திரம் பயின்று குருப்பட்டம் பெற்றவர்களுள் ஒருவர், 1606இல் மதுரைக்கு வந்து சேர்ந்து, காவி உடுத்தித் தத்துவபோதகர் என்று பெயர்பூண்ட ராபர்ட் தெ நோபிலி. அவர் மதுரைக்கு வந்த மறு ஆண்டில்தான் உரோமாபுரியில் வழக்கு முடிவுற்றது.

முடிவுற்றது என்று நான் எழுதியதும் உபசாரமே. 1605இல் கிளமெந்து மரித்தார். அவருக்குப்பின் வந்த பதினோராம் சிங்கராயர் 27 நாட்களே அரசிருந்தார். பிறகு ஐந்தாம் சின்னப்பர் சிம்மாசனம் ஏறி வாதங்களைத் தொடரச்செய்தார். இரண்டு பாப்பரசர்களின் சமுகத்திலும் நடந்த அமர்வுகள் மொத்தம் 85. 1607ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28ஆம் தேதி, அர்ச். அகுஸ்தீனாரின் திருநாளன்று, கர்தினால்மார்களைக் கூட்டி அவரவர் அபிப்பிராயத்தைக் கேட்டறிந்த சின்னப்பர், இரு சபையாரும் தத்தம் கொள்கையை வைத்துக்கொள்ளலாம், ஒருவரையொருவர் பதிதர் என்று தூஷிக்கலாகாது, தக்க காலத்தில் திருப்பீடம் தன் தீர்மானத்தை வெளியிடும் என்று அறிவித்து அனைவரையும் வீட்டுக்கு அனுப்பினார். வெனிசு குடியரசுக்கும் பாப்பரசருக்கும் 1606இல் மூண்ட பிணக்கில் இயேசு சபையார் பாப்பரசர் பக்கம் நின்று அங்கிருந்து வெளியேற்றப்பட்டிருந்த நேரம் அது. அவர்களைக் கண்டிக்க அவருக்கு மனம் வராததற்கு அதுவும் ஒரு காரணம் என்று சொல்வோர் உளர். இருக்கலாம். ஆனால் ராஜதந்திரத்தால் பிறந்தது என்பதனால் ஒரு முடிவு ஞானமில்லாததாகிவிடாது. தெய்வம் அறிகிறது என்பதில் ஒன்றுபட்டவர்கள், அறியும் விதத்தில் வேறுபட்டனர். விதத்தைச் சொல்லவல்ல சாட்சி எவரும் அந்தச் சபையில் இல்லை. சாட்சியில்லாத வழக்கைத் தள்ளிவைப்பதைவிட நேர்மையான செயல் நியாயாதிபதிக்கு வேறென்ன உண்டு? அவர் செய்தது சரியென்றே எண்ணுகிறேன். எட்டாம் கிளமெந்து இன்னும் சில ஆண்டுகள் ஜீவித்திருந்தால் மொலினா கண்டனம் பெற்றிருப்பார் என்றும் எண்ணுகிறேன். ஆனால் அதுவும் நடவாத காரியம்; அதைத் திட்டமாய் அறிகிறவர் நானல்ல.

மொலினாவின் கொள்கை சபை எல்லையைத் தாண்டியும் சென்றது. கால்வினின் கடுமையான முன்குறித்தல் போதனைக்கு எதிராகக் கிளம்பிய டச்சுப் போதகர் அர்மினியுஸ், கத்தோலிக்கரல்லாதவராயிருந்தும், மத்திம ஞானத்தைத் தம் நூல்களில் கையாண்டார். பிறகு நெடுங்காலம் பாடசாலைப் பண்டிதர்களுக்குள்ளேயே அடங்கிக் கிடந்த இவ்விஷயம், 1974இல் ஆல்வின் பிளாண்டிங்கா என்ற அமெரிக்கத் தத்துவாசிரியர், நல்லவரும் வல்லவருமான கடவுளின் உலகில் தீமை எப்படி இருக்கக்கூடும் என்பதற்குச் சமாதானம் எழுதுகையில், மொலினாவை வழிகாட்டியாகக் கொள்ளாமலே ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்து சேர்ந்தபோது மறுபடி உயிர்பெற்றது. அவருக்கு மறுப்பாக 1977இல் ராபர்ட் ஆடம்ஸ் என்ற மற்றோர் அமெரிக்கர் எழுதிய கட்டுரை, வேறெங்கும் போகாமல் கேகிலா ஊராரையே எடுத்துக்கொண்டு, அவர்கள் காட்டிக்கொடுத்திருப்பார்கள் என்பதை மெய்யாக்கத்தக்கது எது என்று பாஞெஸின் சீடர்கள் கேட்ட அதே கேள்வியைக் கேட்டது. மொலினாவின் நூலில் கடவுளின் முன்னறிவைப் பற்றிய பகுதி ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு, மூலம் வெளிவந்து சரியாக 400 ஆண்டுகள் சென்றபின் 1988இல் அச்சேறிற்று. இலத்தீன் அறியாதவர்களும் இவ்வாதத்தில் இறங்க அது வழிசெய்தது.

பிரசாதத்தைப் பற்றிய இந்த விவாதத்தில் அனுமதியின்றி ஒருவரும் நூல் வெளியிடலாகாது என்று 1611இல் உரோமாபுரியின் விசாரணைச் சபை தடை விதித்தது. அத்தடை காலப்போக்கில் வழக்கொழிந்தது. ஐந்தாம் சின்னப்பர் தக்க காலத்தில் வெளியிடுவதாக வாக்களித்த தீர்மானமோ இன்றுவரை வெளியாகவில்லை.